கொமாண்டர் பென்ரிட்ஜ் கதவைத் திறக்கிறார்

ரொறன்ரோவில் ஒரு தமிழ்ச் சங்கம் தொடங்க மூன்று பேர் போதும். ஒருவர் தலைவர், ஒருவர் செயலாளர், மற்றவர் கோபித்துக்கொண்டு போய் அடுத்த சங்கத்தைத் தொடங்குபவர். 'நெப்டியூன் ஹாபர் இரசிகர் ஒன்றியம் – கனடா' மட்டும் இதுவரை பிரியவில்லை. அதற்குக் காரணம் ஒற்றுமை என்று தலைவர் அருள்நாயகம் வருடாவருடம் சொல்வார். உண்மைக் காரணம், ஒன்றியத்திடம் ஒரேயொரு வீடியோ கசெற்தான் இருந்தது, அது தலைவரிடம் இருந்தது.

'நெப்டியூன் ஹாபர்' எழுபதுகளில் இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட விண்வெளித் தொடர். கொமாண்டர் பென்ரிட்ஜ் என்ற ஒடிசலான மனிதர், எந்த ஆபத்திலும் கையிலிருக்கும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமல், அந்தப் பெயர்கொண்ட விண்வெளித் துறைமுகத்தையும் அண்டவெளியையும் காப்பார். அவருக்கு டோபின் என்று ஒரு ரோபோ. குப்பைத்தொட்டிக்கு, வீடு கூட்டும் தும்புத்தடியால் கை வைத்தது போலிருக்கும். எதிரிகளான கிறாக்ஸ்கள் பழைய கம்பளம் போர்த்தியிருப்பார்கள். நடக்கும்போது கீழே சப்பாத்து தெரியும். அவர்கள் இறங்கிச் சண்டைபிடித்த கிரகங்கள் எல்லாம் ஒரே கல்லுக்குழி. எண்பதுகளில் இலங்கைத் தொலைக்காட்சி இதை ஞாயிறு பின்னேரங்களில் போட்டபோது, பார்த்தவர்களின் கண்ணுக்குச் சப்பாத்தும் தெரியவில்லை, கல்லுக்குழியும் தெரியவில்லை. கிரகம்தான் தெரிந்தது.

கடைசிப் பகுதியில் கொமாண்டர் அண்டத்தின் எல்லைக்கு வந்துசேர்வார். அங்கே ஒரு இரும்புக் கதவு. தொடர் முழுக்க அவருக்குக் கட்டளை அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் யார் என்ற கேள்விக்கு விடை அதன் பின்னால். கொமாண்டர் முதன்முறையாகக் கோப்பையைக் கீழே வைத்து, கைப்பிடியில் கை வைப்பார்.

அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் கறண்ட் போனது.

இப்போது மோர்னிங்சைட்டில் வசித்து, பிக்கரிங்கில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஸ்ரீதரன், அன்றைக்குப் போன கறண்ட் தனக்கு இன்னும் வரவில்லை என்று சொல்வார். கதவுக்குப் பின்னால், முதல் பகுதியில் தொலைந்துபோன கப்பலின் ஆட்கள் அத்தனைபேரும் உயிரோடு இருப்பார்கள் என்பது அவருடைய கட்சி. உள்ளுக்கு ஒன்றுமே இல்லை என்பது அவருடைய மனைவி யோகமலரின் கட்சி. அவரும் அதே ஞாயிறு, இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வீட்டில், அதே இருட்டில் விடப்பட்டவர். கலியாணம் பேசிய காலத்தில் தொடங்கிய இந்த வழக்கு, இரண்டு பிள்ளைகளையும் ஒரு மோட்கேஜையும் கடந்து நடந்துகொண்டிருந்தது. சென்ற வருடம் பைபாஸ் செய்யக் கொண்டுபோனபோது, மயக்க மருந்து ஏறுமுன் ஸ்ரீதரன் மனைவியின் கையைப் பிடித்தார். பிள்ளைகளைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று அவர் குனிந்தார்.

"யோகம், அந்தக் கதவு தெரியாமலே போயிடுவன் போலை கிடக்கு."

"சும்மா கிடவுங்கோ. கதவுக்காக எண்டாலும் எழும்பி வாங்கோ."

எழும்பி வந்துவிட்டார். இனி அந்தக் கதவைப் பார்க்காமல் இன்னொரு கட்டிலில் ஏறுவதில்லை என்று முடிவும் செய்துவிட்டார்.

இன்ரநெற்றில் தேடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மற்றப் பகுதிகள் எல்லாம் உண்டு. கடைசிப் பகுதி மட்டும் இல்லை. தயாரித்தவர்களே நாடாவை மிச்சம்பிடிக்க அதன்மேல் ஒரு வீட்டுத்தோட்ட நிகழ்ச்சியைப் பதிந்துவிட்டார்கள். உலகில் எஞ்சியது ஒரு பிரதிதான். லண்டன் வெம்ப்ளியில் இருந்த அருள்நாயகத்தின் மாமா வீட்டுத் தொலைக்காட்சியிலிருந்து பதிந்து மருமகனுக்கு அனுப்பிய கசெற். அது யூனியன்வில்லில் ஒரு வங்கியின் பெட்டகத்தில், தலைவரின் மனைவி கிளடிஸின் அட்டியலுக்குப் பக்கத்தில் உறங்கியது. வருடத்தில் ஒருநாள், ஒன்றுகூடலுக்கு மட்டும் வெளியே வரும். நிகழ்ச்சிநிரலின் கடைசி விடயம் எப்போதும் அதுதான்: 'இறுதிப் பகுதி திரையிடல்'.

இதுவரை ஒருமுறையும் திரையிடப்படவில்லை. மார்க்கம் வீதி மண்டபம் ஐந்து மணிவரைதான் ஒன்றியத்துக்கு. ஐந்து மணிக்கு ஸும்பா உடற்பயிற்சி வகுப்பு. தலைவர் நன்றியுரைக்கு முன்னோடியாக ஓர் உரை ஆற்றிக்கொண்டிருக்கும்போதே பெண்கள் பாய்களைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள். கசெற் மறுபடி பெட்டகத்துக்குப் போகும். ஒன்றியத்தினர் கலைந்துபோகும்போது, "அடுத்த வருசம் கட்டாயம்" என்பார்கள். சந்தையில் ஒரு பழைய பாடம் உண்டு: மூட்டையை அவிழ்க்காதவரைக்கும் உள்ளே இருப்பது சம்பாதான்.

இவ்வருடம் ஸ்ரீதரனும் யோகமலரும் முன்வரிசையில் இடம்பிடித்தார்கள். விழா, அழைப்பிதழில் போட்ட நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் பிந்தி, சரியான நேரத்துக்குத் தொடங்கியது. கனேடிய கீதம், தமிழ்த்தாய் வாழ்த்து, மூன்றாவதாகத் தொடரின் ஆரம்ப இசை. அதற்கு எல்லோரும் எழுந்து, கண்ணுக்குத் தெரியாத தேநீர்க் கோப்பையை நெஞ்சுக்கு நேரே பிடித்து நிற்கவேண்டும். இது ஒன்றியத்தின் யாப்பு விதிகளில் இருக்கிறது. சாசரும் பிடிக்கவேண்டுமா என்பதை ஆராய ஒரு உபகுழு உண்டு.

பிறகு மங்கள விளக்கு. சென்ற வருடம் ஐந்தாவது திரியை ஏற்ற டோபின் ரோபோவின் மாதிரியைக் கொண்டுவந்தார்கள். அதன் கை தும்புத்தடி. தீயணைப்பு வாகனம் இரண்டு வந்தது. ஆகவே இம்முறை டோபினின் சார்பில் செயலாளர் கஸ்பர் ஏற்றினார். டோபின் பக்கத்தில் பொன்னாடையோடு நின்றது.

அதன்பின் கசெற் வந்தது. சிவப்பு வெல்வெட் விரித்த தட்டத்தில், மல்லிகைச் சரம் சுற்றி, நாதஸ்வர சீடி ஒலிக்க, நான்கு பேர் சுமந்து வந்தார்கள். கசெற்றை ஒரு கையால் தூக்கலாம். ஆனால் அதைத் தூக்கும் கௌரவத்துக்கு எட்டுப் பேர் போட்டியிட்டதால் நாலாகக் குறைப்பதற்கே மூன்று கூட்டம் வைக்கவேண்டி வந்தது. வரவேற்பு நடனத்தில் பிள்ளைகள் கிறாக்ஸ்களை அபிநயத்தால் வதம் செய்தார்கள். கம்பளம் போர்த்திய ஒரு பிள்ளை மயங்கி விழுந்தது. நடனத்தின் சிறப்பான கட்டம் அதுதான் என்று நினைத்துச் சனம் கைதட்டியது.

பிரதம விருந்தினர் மரியோ, வீடு விற்பனை முகவர். மேடையின் பின்திரையில் கொமாண்டரின் படம் சிறிதாகவும் மரியோவின் படம் பெரிதாகவும் இருந்தன.

"நான் இந்தத் தொடரைப் பாக்கேல்லை," என்று நேர்மையாகத் தொடங்கினார் மரியோ. "ஆனா கஸ்பர் அண்ணை கதையைச் சொன்னவர். நான் உங்களிட்டை ஒண்டு கேக்கிறன். கிறாக்ஸ் ஏன் திரும்பத் திரும்ப நெப்டியூன் ஹாபரைப் பிடிக்க வந்தவங்கள்? லொக்கேஷன்! தண்ணிக்கரை. ஹைவே பக்கத்திலை. கொமாண்டர் நல்ல மனுசன். ஆனா பிழை விட்டிட்டார். அவ்வளவு காலமும் அரசாங்கக் கப்பலிலை சுத்தித் திரிஞ்சார். அந்த நேரம் பிக்கரிங்கிலை ஒரு டவுன்ஹவுஸ் எடுத்திருந்தா, இண்டைக்கு அவர் எங்கை இருப்பார்? கதவு, கதவு எண்டு எல்லாரும் கதைக்கிறியள். நான் கேக்கிறன், கதவு மட்டும் இருந்தாக் காணுமோ? வீடு எங்கை?"

பலத்த கைதட்டல். யோகமலர் கணவன் பக்கம் சாய்ந்தார்.

"என்னப்பா, இவர் எங்கடை வீட்டையும் வித்துப்போட்டுத்தான் இறங்குவார் போலை."

"பொறும். இன்னும் ஏழு பேர்தான்."

ஆறு பேர் பேசி முடித்தார்கள். பேசியவர்களுக்குப் பொன்னாடை, போர்த்தியவர்களுக்குப் பொன்னாடை, பொன்னாடைகளைத் தட்டத்தில் ஏந்தி நின்ற பெண்ணுக்கும் ஒன்று. ஏழாவதாகத் தலைவர் அருள்நாயகம் வயர் இல்லாத மைக்கைக் கையில் எடுத்தார். அதை எடுத்தாரென்றால் அது கையின் ஓர் உறுப்பாகிவிடும்.

"அன்பார்ந்த ஹாபரியர்களே! இந்தக் கசெற் இல்லையெண்டா நாங்கள் ஆர்? அநாதையள். அதை எடுத்தவங்கள் என்ன செய்தவங்கள்? அழிச்சவங்கள்! எதுக்காக அழிச்சவங்கள்? கத்தரிக்காய் நடுறது எப்பிடியெண்டு காட்ட!" தட்டத்திலிருந்த கசெற்றைக் காட்டினார். "ஒரு பொக்கிசத்துக்கு மேலை கத்தரிக்காயைப் பதிஞ்சவங்களை வரலாறு மன்னிக்குமோ? உங்கடை வீட்டிலை ஒருத்தன் இப்பிடிச் செய்தா, அவனை நீங்கள் பந்தியிலை இருத்துவியளோ? சொல்லுங்கோ!"

"இருத்தமாட்டம்!" என்றது சபை.

"வாசல் மிதிக்க விடுவியளோ?"

"விடமாட்டம்!"

தேநீர் மேசைக்குப் பின்னால் நின்ற தலைவரின் மனைவி கிளடிஸ், சட்டென்று குனிந்து றோல்ஸ் தட்டை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். றோல்ஸ் ஏற்கனவே ஒழுங்காகத்தான் இருந்தன.

கத்தரிக்காயிலிருந்து தலைவர் ஒன்றியத்தின் தோற்றத்துக்குப் போனார். தோற்றத்திலிருந்து வளர்ச்சிக்கு. வளர்ச்சியின் நடுவில் மரியோவுக்கு நினைவுப்பரிசு கொடுக்கவேண்டி வந்தது. கண்ணாடியில் செய்த தேநீர்க் கோப்பை, பாரமானது, இரண்டு கையும் வேண்டும். தலைவர் மைக்கை முன்வரிசைக்கு முன்னாலிருந்த சிறுமேசையில் வைத்துவிட்டுக் கோப்பையைத் தூக்கினார். படப்பிடிப்பாளர் இன்னொருமுறை, இன்னொருமுறை என்று ஆறு தரம் கொடுக்கவைத்தார்.

அந்த இடைவெளியில் யோகமலர் கையை நீட்டி, மைக்கின் அடியைத் திருகி, பற்றரி இரண்டையும் கைப்பையில் போட்டு, மறுபடி திருகி வைத்தார். ஸ்ரீதரனின் வாய் திறந்தது.

"மூடுங்கோ," என்றார் யோகமலர். "ஆஸ்பத்திரியிலை நான் இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியாது. இண்டைக்குக் கதவு திறக்கவேணும்."

தலைவர் திரும்பி வந்து மைக்கை எடுத்தார். தட்டினார். ஊதினார். "ஹலோ" என்றார். ஒன்றும் இல்லை. மண்டபத்தில் வேறு மைக் இருக்கிறதா என்று தேடினார்கள். இருந்தது. அது ஸும்பா ஆசிரியையின் அலுமாரியில் பூட்டியிருந்தது.

மைக் இல்லாத தலைவரைச் சபை அன்றுதான் முதன்முதலில் பார்த்தது. அவர் சற்று உயரம் குறைந்தவர் என்பதும் அன்றுதான் தெரிந்தது. கத்திப் பார்த்தார். "கேக்கேல்லை!" என்று பின்வரிசை கத்தியது. பின்வரிசை கத்தியது மட்டும் நன்றாகக் கேட்டது.

கஸ்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அண்ணை, இன்னும் ஒண்டரை மணித்தியாலம் கிடக்கு. அப்ப... படத்தைப் போடுவமோ?"

இந்த வசனம் ஒன்றியத்தின் வரலாற்றில் சொல்லப்பட்டதே இல்லை. சபையில் ஒரு மூச்சு இழுக்கும் சத்தம். தலைவரின் நெற்றியில் வியர்வை முத்துமுத்தாய் வந்தது. மண்டபத்தில் ஏசி நன்றாக வேலை செய்தது.

அருள்நாயகம் லேசுப்பட்டவர் அல்லர். மௌன அஞ்சலிக்கு மைக் தேவையில்லை என்று அவருக்கு உறைத்துவிட்டது. இரண்டு கையையும் உயர்த்திச் சபையை எழுப்பினார். கொமாண்டராக நடித்து மறைந்தவருக்கு ஒரு நிமிட மௌனம். சரி, நியாயம். டோபினுக்குள் இருந்து நடித்தவருக்கு ஒரு நிமிடம். அதுவும் சரி. பிறகு கிறாக்ஸ்களாக நடித்தவர்களுக்கு, ஒவ்வொருவராக. பிறகு கதையில் இறந்தவர்களுக்கு. எட்டாவது பகுதியில் வெடித்துச் சிதறிய கிரகத்தின் சனத்தொகைக்குச் சற்று நீளமான மௌனம். முழங்கால் நோவுள்ளவர்கள் மெல்லக் குந்தினார்கள். ஸ்ரீதரன் நெஞ்சுத் தையலைத் தடவியபடி நின்றார்.

"என்னப்பா, இது ஆருக்கு?"

"கல்லுக்குழிக்காம்," என்றார் யோகமலர். "அதை மூடிப்போட்டாங்களாம்."

கல்லுக்குழிக்கான மௌனத்தில், மண்டபத்தின் ஓரத்தில் பழைய வீசீஆர் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த கரோலினுக்குப் பொறுமை போய்விட்டது. தலைவரின் மகள், முப்பது வயதைத் தாண்டியவர், வருடாவருடம் அந்தப் பெட்டியைத் தூக்கிவந்து, தூக்கிக்கொண்டு போவது மட்டுமே அவருடைய பணி. "ஓகே, எனஃப்," என்று கசெற்றைத் தட்டத்திலிருந்து எடுத்து, மல்லிகையைக் கழற்றி, உள்ளே தள்ளி, பட்டனை அமுக்கினார்.

திரையில் கோடுகள் ஓடின. பிறகு நெப்டியூன் ஹாபர்.

ஒரு சத்தமில்லை. தலைவருடைய மௌனங்களில் கிடைக்காத மௌனம் இப்போது கிடைத்தது. கப்பல் ஆடியது. சப்பாத்துகள் தெரிந்தன, யாரும் சிரிக்கவில்லை. டோபின் தன்னை வெடிக்கவைத்துக் கொமாண்டரைக் காப்பாற்றியபோது கஸ்பர் விம்மினார். கொமாண்டர் தனியாகக் கல்லுக்குழியில் நடந்தார். இரும்புக் கதவு வந்தது. ஸ்ரீதரன் மனைவியின் கையைப் பிடித்தார், ஆஸ்பத்திரியில் பிடித்த அதே பிடி. கொமாண்டர் கோப்பையைக் கீழே வைத்தார். கைப்பிடியில் கை வைத்தார். கறண்ட் போகவில்லை. கதவு மெல்ல விலகியது. உள்ளேயிருந்து கண்ணைக் கூசவைக்கும் ஒரு வெள்ளை ஒளி.

ஒளிக்குள்ளிருந்து, வெள்ளை உடுப்பும் தலையில் வெள்ளை வலை முக்காடும் போட்ட ஒரு சிறுமி, கையில் எரியும் மெழுகுதிரியோடு நடந்து வந்தாள்.

முன்வரிசை கழுத்தை நீட்டியது.

"ஆஹா!" என்றார் கஸ்பர். "குழந்தை! அண்டத்தை ஆளுறது ஒரு குழந்தை!"

"வெள்ளை உடுப்பு எண்டா சமாதானம்," என்றார் ஒருவர். "மெழுகுதிரி எண்டா அறிவு," என்றார் இன்னொருவர். இரண்டையும் குறித்துக்கொள்ளுமாறு ஆய்வுக்குழுவுக்குச் சொல்லப்பட்டது.

"அப்பா," என்றார் கரோலின் இருட்டுக்குள்ளிருந்து. "தட்ஸ் மீ. அது என்ரை ஃபர்ஸ்ட் கொம்யூனியன், சேர்ச்சிலை முதல் நன்மை எடுத்த நாள்."

"தங்கச்சி, படம் ஓடேக்கை குழப்பாதையும்," என்றார் கஸ்பர். "கேள்வி நேரம் பிறகு."

"நோ, சீரியஸ்லி! அந்த ட்ரெஸ் எங்கடை பேஸ்மென்றிலை கிடக்கு!"

"அதைச் சங்கத்துக்குத் தாரும். அருங்காட்சியகத்திலை வைப்பம்."

திரையில் சிறுமியைத் தொடர்ந்து வேறு சிறுமிகள் வந்தார்கள். அப்புறம் ஒரு நிலக்கீழ் அறை, கட்டித் தொங்கவிட்ட கடதாசிப் பூக்கள், மேசையில் மலைபோல் றோல்ஸ். "மனிதகுலத்தின் எதிர்கால உணவு," என்றார் ஆய்வுக்குழுத் தலைவர், சற்றுத் தயங்கி. பைலா இசை தொடங்கியது. கழுத்துப்பட்டியைத் தலையில் கட்டிய ஒருவர், அடர்ந்த கறுத்த மீசையும் கையில் பிராண்டிக் கிளாசுமாக, கமராவை நோக்கி ஆடியாடி வந்து கண்ணடித்தார்.

அது அருள்நாயகம்.

தலைவர் கதிரையின் நுனியில், பந்தியில் இருத்தப்படாதவரைப் போல இருந்தார். ஒரு மனிதனின் நாற்காலி ஆட்டம் காண இதைவிட நல்ல தருணம் வராது. ஸ்ரீதரன் எழுந்தார். "இஞ்சை பாருங்கோ, இது மேலாலை பதிஞ்ச..." என்று தொடங்கினார்.

"தலைவர் நடிச்சிருக்கிறார்!" என்று கத்தினார் கஸ்பர்.

மண்டபம் வெடித்தது. "எங்கடை ஆள் இங்கிலிஸ் படத்திலை!" "அதுவும் கடைசிப் பகுதியிலை!" "இவ்வளவு காலமும் ஒரு வார்த்தை சொன்னவரோ மனுசன்!" எல்லோரும் எழுந்து நின்றார்கள். சிலர் தேநீர்க் கோப்பை வணக்கம் வைத்தார்கள். கஸ்பர் டோபினின் தோளிலிருந்து பொன்னாடையை உருவிக்கொண்டு ஓடினார்.

"தன்னடக்கம்! உதுதான் தன்னடக்கம்! தன்ரை நடிப்பைத் தானே காட்டினா வடிவில்லையெண்டுதான் மனுசன் வருசாவருசம் படத்தைப் போடாமல் சமாளிச்சவர்! எங்களுக்குத்தான் விளங்கேல்லை!"

அருள்நாயகம் சபையைப் பார்த்தார். திரையில் ஆடும் தன்னைப் பார்த்தார். மீண்டும் சபையைப் பார்த்தார். சரக்கு கெட்டது என்று நினைத்தவனிடம், அதே சரக்குக்கு இரண்டு மடங்கு விலை கேட்டு ஆள் வந்தால் அவன் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவர் முகம். மெல்ல எழுந்தார். கழுத்தை நீட்டிப் பொன்னாடையை வாங்கினார்.

"சின்னப் பாத்திரம்தான்," என்றார்.

அவருடைய நடிப்பைப் பற்றி உரையாற்ற ஆட்கள் வரிசைகட்டினார்கள். மைக் இல்லாததால் ஒரேநேரத்தில் ஐந்து பேர் பேசினார்கள். கரோலின் தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே போனார். "அப்ப கொமாண்டர் எங்கை?" என்று ஸ்ரீதரன் மூன்று பேரிடம் கேட்டார். ஒருவர் அவருடைய கையில் ஒரு பொன்னாடையைக் கொடுத்து, வரிசையில் நிற்கச் சொன்னார்.

அவர் தேநீர் மேசைப் பக்கம் போய்க் கதிரையில் பொத்தென்று இருந்தார். கிளடிஸ் ஒரு கோப்பையை நீட்டினார்.

"சீனி போடேல்லை. உங்களுக்கு ஒப்பரேசன் எண்டு யோகம் சொன்னவா." அவர் குரலைத் தணித்தார். "குறை நினையாதையுங்கோ, அண்ணை. பிள்ளையின்ரை கொம்யூனியன் அண்டைக்கு வேறை கசெற் இருக்கேல்லை. கோயிலுக்கு நேரம் போட்டுது. இவர் கையிலை கிடைச்சதைக் கமராக்காரப் பொடியனிட்டைக் குடுத்திட்டார். நல்லகாலம், அதுக்கு முதல் கிழமைதான் நான் முழுக்கப் பாத்தனான்."

ஸ்ரீதரன் கோப்பையை மேசையில் வைத்தார். "என்ன... நீங்கள் கடைசியைப் பாத்தனியளோ?"

"ஓம். ஏன்?"

"ஏன் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?"

"ஆர் கேட்டவை? நான் சிற்றுண்டிக் குழு."

"கிளடிஸ்... கதவுக்குப் பின்னாலை என்ன?"

யோகமலரும் வந்து நின்றார். கிளடிஸ் துணியால் கையைத் துடைத்தார்.

"பெரிய எதிர்பார்ப்போடை இருக்காதையுங்கோ. அந்த மனுசன் கதவைத் திறக்கிறார். உள்ளுக்கு ஒரு பெரிய மண்டபம். நிறையச் சனம், வரிசை வரிசையாக் கதிரை. மேடையிலை கொஞ்சப் பேர், தோளிலை மினுக்கத் துணி போட்டுக்கொண்டு. ஒருத்தர் பேசிக்கொண்டிருக்கிறார். அவையள்தான் இவ்வளவு காலமும் கட்டளை அனுப்பினவையாம். கொமாண்டர் கொஞ்சநேரம் நிண்டு கேட்டார். முடியிறமாதிரித் தெரியேல்லை. பிறகு ஒருத்தருக்கும் தெரியாமல் கதவை மெள்ளச் சாத்திப்போட்டு, வெளியாலை வந்து, கீழை வைச்ச தேத்தண்ணியை எடுத்துக் குடிச்சார். அது ஆறேல்லை. அவ்வளவுதான், பேர் ஓடினது."

ஸ்ரீதரன் மேடையைத் திரும்பிப் பார்த்தார். மேடையில், தலைவருக்கு 'அண்டக் கலைஞர்' என்ற பட்டம் வழங்கலாமா, 'பேரண்டக் கலைஞர்' என்று வழங்கலாமா என்ற தகராறு முற்றி, ஒரு பகுதியினர் தனிச் சங்கம் தொடங்குவதற்காகக் கதிரைகளை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் பற்றரி வாங்கிவந்துவிட்டார். மைக் ஒருமுறை கீச்சிட்டது.

"அன்பார்ந்த ஹாபரியர்களே..."

ஸ்ரீதரன் கோப்பையோடு எழுந்தார். யோகமலர் கைப்பையை எடுத்தார். வாசலில் ஸும்பாப் பெண்கள் பாய்களோடு காத்துநின்றார்கள், முடிந்துவிட்டதா என்று கண்ணால் கேட்டார்கள். ஸ்ரீதரன் இல்லையென்று தலையாட்டிவிட்டு, மண்டபத்தின் கதவைச் சத்தமில்லாமல் தனக்குப் பின்னால் சாத்தினார். கார் தரிப்பிடத்தில் நல்ல வெயில். நின்று, தேநீரை ஒரு வாய் குடித்தார். ஆறவில்லை.

"நான் அப்பவே சொன்னனான்," என்றார் யோகமலர், கைப்பைக்குள் காரின் திறப்பைத் தேடியபடி. "உள்ளுக்கு ஒண்டுமில்லையெண்டு."